அத்லெட்டிக் பில்பாவோவா, ரியால் சொசியெதாதா?

மாட்ரிட், பார்சிலோனா அல்லாத ஸ்பானியக் கால்பந்துக் கிளப் ஒன்றைப் பின்தொடர விரும்புவோர் பலர், வட ஸ்பெயினின் பாஸ்க் நாட்டைச் சேர்ந்த இவ்விரண்டுக்குமிடையே தயங்குகிறார்கள்.

தோற்றம்: அத்லெட்டிக் 1898ஐத் தன் தொடக்க ஆண்டாகக் கொள்கிறது. சொசியெதாத் 1909இல் சான் செபஸ்தியானில் தோன்றியது.

ஆட்டக்காரர்கள்: உண்மையான வேறுபாடு இங்கேதான் உள்ளது. பாஸ்க் நிலத்தில் பிறந்தவரையோ அங்கே கால்பந்து பயின்று வளர்ந்தவரையோ மட்டுமே சேர்ப்பது என்ற, எழுதப்படாத விதியை அத்லெட்டிக் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகக் கடைப்பிடிக்கிறது. கானா நாட்டுப் பெற்றோருக்குப் பில்பாவோவில் பிறந்த இன்யாகி வில்லியம்ஸ் அதன் அணித் தலைவராக உயர்ந்ததைப் பார்க்கும்போது, இதை வெறும் இரத்த உறவுக் கணக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. சொசியெதாதும் இதே வழியில் நடந்து, 1989இல் லிவர்பூல் கிளப்பிலிருந்து பாஸ்க் அல்லாத ஜான் ஆல்ட்ரிஜை வாங்கியபோது அதைக் கைவிட்டது.

வெற்றி: அத்லெட்டிக் லீக் பட்டத்தை 8 முறை வென்றது, முதல் பிரிவிலிருந்து ஒருபோதும் இறங்கியதில்லை. சொசியெதாத் 1981, 1982 ஆண்டுகளில் வென்றது. 2007இல் இறங்கி, 2010இல் மீண்டது.

பகை என்று மட்டும் எண்ண வேண்டாம். 1976 டிசம்பர் 5 அன்று, தடைசெய்யப்பட்டிருந்த பாஸ்க் கொடியை இரு அணித் தலைவர்களான இரிபாரும் கோர்த்தபாரியாவும் சேர்ந்தே திடலுக்குள் ஏந்தி வந்தனர்.

கொள்கைக்காகப் பட்டங்களை இழக்கவும் துணிபவருக்கு அத்லெட்டிக் பொருந்தும். சொந்த மண்ணின் இளைஞரோடு வெளிநாட்டுத் திறமையும் கலந்த அணியை விரும்புபவருக்குச் சொசியெதாதே ஏற்றது.