டீச்சரின் நடுவிரலும் இரண்டு ஆஸ்பத்திரிகளும்

இந்த முறை சென்னைப் பயணத்தில் மற்றதெல்லாம் நன்றாகவே நடந்தது. என் வீணை டீச்சரின் விரல் விஷயம் மட்டும் இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

அவருக்கு இடது நடுவிரல் மடங்கினால் நிமிர மறுக்கிறது. டக்கென்று சொடுக்கிக்கொண்டுதான் விடுபடும். ட்ரிக்கர் ஃபிங்கர். உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் உறை தடித்து, உள்ளே ஓடும் தசைநார் சிக்கிக்கொள்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். டீச்சருக்கும் சர்க்கரை உண்டு.

பெரிய தனியார் மருத்துவமனை ஒன்றுக்கு அழைத்துப் போனேன். முதல் கேள்வி, "இன்சூரன்ஸ் இருக்கா?" டாக்டர் விரலை ஒரே ஒரு தடவை மடக்கிப் பார்த்தார். "வீணை வாசிப்பாங்க சார்" என்றேன். "நிறுத்திடச் சொல்லுங்க. இந்த வயசுல எதுக்கு?" என்றார். எந்தக் கை கம்பியை இழுக்கும் என்றுகூடக் கேட்கவில்லை. ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் சேர்த்து, வீணைத் தண்டில் உள்ள ஒரே மெட்டில் (ஃப்ரெட்) கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தே அடுத்தடுத்த சுரங்களைக் கொண்டுவருவார் டீச்சர். அந்த இழுப்பு போனால் தோடி ராகத்தில் என்ன மிஞ்சும்? குடும்பத்துக்கே சோறு போட்ட விரல் அது. காரில் ஏறியும் டீச்சர் பேசவில்லை. எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

லண்டனில் எனக்கு மணிக்கட்டு வலி வந்தபோது, மேடைக் கலைஞர்களுக்கென்றே இயங்கும் பாப்பம் என்ற தொண்டு நிறுவனத்துக்குப் போனேன். பரிசோதனைக்குக் காசு வாங்கவில்லை. அந்த டாக்டர் அதுவரை வீணையைப் பார்த்ததே கிடையாது. "கொண்டுவந்து வாசித்துக் காட்டுங்கள்" என்றார். மார்கழியில் சபாவுக்குச் சபா கச்சேரி நடக்கும் சென்னையிலோ, மிருதங்கக்காரர் விரலையும் வயலின்காரர் தோளையும் யாரிடம் காட்டுவது என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு எண்ணெய்தான் சொன்னார்கள்.

கடைசியில் டீச்சரின் தம்பி மகன் சொல்லி ஸ்டான்லி போனோம். 1971-இல் டாக்டர் ஆர். வெங்கடசாமி கை அறுவைச் சிகிச்சைக்கென்று தனிப்பிரிவு தொடங்கிய அரசு மருத்துவமனை. தொழிற்சாலை இயந்திரத்தில் நசுங்கிய கைகளைச் சீராக்கிப் பேர் வாங்கிய பிரிவு. ஓ.பி. சீட்டு, வரிசை, உட்கார இடமில்லாத வராந்தா எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளே இருந்த இளம் டாக்டர், "எந்த விரலால இழுப்பீங்கம்மா? செஞ்சு காட்டுங்க" என்றார். டீச்சர் மேஜை விளிம்பிலேயே இழுத்துக் காட்டினார், வாயால் பாடிக்கொண்டே. அவர் முழுதும் கேட்டார். முதலில் ஸ்டீராய்டு ஊசி, சில நாள் சர்க்கரை ஏறும், கவனிக்க வேண்டும். இரவில் விரலை மடங்கவிடாமல் பிடிக்கும் ஸ்பிளின்ட். இதற்கெல்லாம் சரியாகாவிட்டால் சின்ன அறுவைச் சிகிச்சை. கையை மட்டும் மரக்க வைத்து, விழித்திருக்கும்போதே விரலை மடக்கி நீட்டச் சொல்லிச் சரிபார்ப்பார்களாம். வாசிப்பை விடச் சொல்லவில்லை. கொஞ்ச நாள் கமகம் இல்லாமல், அதாவது கம்பியை இழுத்துச் சுரத்தை அசைக்காமல், வாசிக்கச் சொன்னார்.

ஊரில் உங்கள் வீட்டுக் கலைஞர் யாருக்காவது கை வலி என்றால், கைக்கென்றே தனிப்பிரிவு உள்ள இடத்தைத் தேடுங்கள். கோவைக்காரர்களுக்கு கங்கா மருத்துவமனை இருக்கிறது. வாசிக்கும்போது விரல்கள் கிட்டத்தில் தெரியும்படி போனில் ஒரு வீடியோவும் எடுத்துக்கொண்டு போங்கள்.