ரெண்டு பில்டிங்குக்கு நடுவுல பேக்கப் வயர்லெஸ் பிரிட்ஜ்: எட்டு மாசம் ஓட்டிப் பாத்ததுல

திருப்பூர்ல ஒரு சின்ன பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் பாத்துக்கறேன். ஆபீஸ், கட்டிங் எல்லாம் ஒரு பில்டிங், ரோட்டுக்கு அந்தப் பக்கம் 180 மீட்டர் தள்ளி பேக்கிங் செக்‌ஷன், நடுவுல ஒரே ஒரு ஃபைபர் மண்ணுக்குள்ள போகுது. போன வருஷம் பொக்லைன் தோண்டுனதுல அது கட் ஆகி ரெண்டு நாள் பார்கோட் ஸ்கேனர் ஓடாம, கார்ட்டன் லிஸ்ட்ட கையில எழுதி பைக்ல கொண்டு வந்து டைப் அடிச்சோம். அப்பத்தான் ஓனர் "இன்னொரு லைன் போட்டு வெச்சுருங்க"ன்னாரு. மறுபடி யாரு தோண்டறதுன்னு 5 கிகாஹெர்ட்ஸ் வயர்லெஸ் பிரிட்ஜ் (ரெண்டு பில்டிங்கையும் கேபிள் இல்லாம காத்து வழியா இணைக்கற ரேடியோ பெட்டி) ஒரு ஜோடி வாங்குனேன், பத்தாயிரத்துக்கு கொஞ்சம் உள்ள. பிராண்ட் பேரு சொல்லல, இந்த ரேஞ்ச்ல எல்லாமே கிட்டத்தட்ட ஒரே கதைதான்.

மாட்டறது ஈஸி. ஒரே கஷ்டம் நடுவுல இருந்த வேப்பமரம். அந்தப் பக்க பெட்டி கண்ணுக்கு தெரிஞ்சா போதும்னு நெனச்சேன், ஆனா இந்த தூரத்துக்கு நேர்கோட்ட சுத்தி ஒன்றரை மீட்டராவது காலியா இருக்கணும். பைப்ப ஏத்திக் கட்டுனதும் 300 எம்பிபிஎஸ் பக்கம் வந்துச்சு. அதுல குறையே இல்ல.

பிரச்சனை ஃபைபரையும் இதையும் ஒண்ணா சொருகுனப்ப வந்துச்சு. ரெண்டு பக்கமும் சாதா ஸ்விட்ச் (கேபிளயெல்லாம் சேத்து இணைக்கற பெட்டி, செட்டிங் எதுவும் கெடையாது). சொருகி பத்து செகண்ட் இருக்கும், ஸ்விட்ச்ல இருக்கற எல்லா லைட்டும் ஒரே நேரத்துல படபடன்னு அடிக்குது, கேமரா அப்படியே நிக்குது, பேக்கிங்ல இருந்து அக்கா போன் பண்ணி "தம்பி, கம்ப்யூட்டர் சும்மா சுத்திக்கிட்டே இருக்குதுங்க"ங்கறாங்க. லூப், அதாவது டேட்டா ஒரு வழில போயி இன்னொரு வழில திரும்பி வந்து சுத்திக்கிட்டே இருக்கு. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு (நெட்வொர்க்ல போற டேட்டா துண்டு) இத்தன தடவ சுத்துனா செத்துப்போன்னு ஒரு கணக்கே கெடையாது, எல்லாருக்கும் போற ஒரு பிராட்காஸ்ட் ஃப்ரேம் உள்ள பூந்துச்சுன்னா யாராச்சும் கேபிள புடுங்கற வரைக்கும் சுத்தும். இதுக்குத்தான் 1985லயே டிஇசிங்கற கம்ப்யூட்டர் கம்பெனில இருந்த ரேடியா பெர்ல்மன், ரெண்டு வழி இருந்தா ஒண்ண அடைச்சு வெக்கற ஸ்பேனிங் ட்ரீய (எஸ்டிபி) கண்டுபுடிச்சாங்க, ஆனா சாதா ஸ்விட்ச்ல பெரும்பாலும் அது இருக்கறதில்ல.

சரின்னு ரெண்டு மேனேஜ்டு ஸ்விட்ச் (செட்டிங் மாத்தற வசதி உள்ளது) வாங்கி ஆர்எஸ்டிபி (ஸ்பேனிங் ட்ரீயோட வேகமான புது வடிவம்) ஆன் பண்ணி மறுபடி சொருகுனா மறுபடி அதே படபட! அரை நாள் மண்டைய ஒடச்சப்புறம் தான் தெரிஞ்சுது, ரேடியோல மல்டிகாஸ்ட் ஃபில்டர் (ஒரே நேரத்துல பல பேருக்கு போற ஃப்ரேம தடுக்கறது) டீஃபால்ட்டா ஆன்ல இருந்து, ஸ்விட்ச் ஒண்ணுக்கொண்ணு வழி கண்டுபுடிக்க அனுப்பற பிபிடியுங்கற சின்ன மெசேஜ முழுங்கிருது. பிபிடியு அந்தப் பக்கம் போகலைன்னா ஸ்விட்சுக்கு அங்க இன்னொரு வழி இருக்கறதே தெரியாது, ரெண்டு போர்ட்டையும் தொறந்து வெச்சுரும். அந்த ஃபில்டர ஆஃப் பண்ணுனதும் சரியாச்சு. மேனுவல்ல இதப்பத்தி ஒரு வரி இல்ல, இதுக்கே ஒரு ஸ்டார் கட்.

இன்னொரு கூத்து. ரேடியோவ 1ஆவது போர்ட்லயும் ஃபைபர 8ஆவதுலயும் சொருகியிருந்தேன். ரெண்டுமே கிகாபிட் போர்ட், அதனால ஸ்விட்ச் கண்ணுக்கு ரெண்டுக்கும் காஸ்ட் (வழிக்கு குடுக்கற மார்க், கம்மியா இருக்கற வழி ஜெயிக்கும்) 20000, காத்துல 300 தான் போகுதுன்னு அதுக்கு எப்படி தெரியும். சமமா இருந்தா சின்ன போர்ட் நம்பர் ஜெயிக்கும், ஆக ஃபைபர் சும்மா ஒக்காந்திருக்கு, ரேடியோ வேல செய்யுது. ரேடியோ போர்ட்டுக்கு காஸ்ட 200000 ஆக்குனேன். ஆபீஸ் ஸ்விட்ச்சுக்கு பிரையாரிட்டி 4096 குடுத்து ரூட் (வழிக் கணக்குக்கெல்லாம் தலைமை ஸ்விட்ச், சின்ன நம்பர் ஜெயிக்கும்) ஆக்குனேன், எல்லாம் டீஃபால்ட் 32768லயே இருந்தா சின்ன மேக் அட்ரஸ் (பெட்டில பதிஞ்சு வர்ற நம்பர்) இருக்கறது ரூட் ஆயிரும், எங்களுக்கு அது பேக்கிங்ல இருக்கற ஸ்விட்ச், அங்க ராத்திரி மெயினையே ஆஃப் பண்ணிருவாங்க.

அப்புறம் டெஸ்ட். பிங் (அந்தப் பக்கம் பதில் வருதான்னு கேட்டுக்கிட்டே இருக்கற கமாண்ட்) ஓட விட்டு ஸ்விட்ச்ல ஃபைபர் பக்க கேபிள புடுங்குனேன், ஒரு லைன் கூட மிஸ் ஆகல, சூப்பர். அடுத்து மீடியா கன்வர்ட்டர்ல (ஃபைபர சாதா காப்பர் கேபிளுக்கு மாத்தற பெட்டி) ஃபைபர் பேட்ச் கார்ட மட்டும் கழட்டுனேன், நெஜத்துல பொக்லைன் அறுக்கறது அங்கதான. இப்ப ஆறு செகண்ட் ஆச்சு, பிங்ல ரெண்டு லைன் டைம்டு அவுட். ஏன்னா ஃபைபர் செத்தாலும் கன்வர்ட்டரோட காப்பர் பக்கம் பச்ச லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு, ஸ்விட்ச் ரெண்டு செகண்டுக்கு ஒருக்கா வர வேண்டிய பிபிடியு, அதாவது ஹலோ, மூணு வரலைன்னு எண்ணிப் பாத்துட்டுத்தான் நம்புது. பழைய எஸ்டிபியா இருந்தா இதே எடத்துல 50 செகண்ட் ஆகும். ஆறு செகண்ட் எங்களுக்கு ஓகே, ஸ்கேனர் அக்காவுக்கு தெரியவே இல்ல.

இன்னொரு ஸ்டார் எதுக்கு கட்டுன்னா, மழைக்கு அப்புறம் ரேடியோ ரெண்டு வாரமா செத்துக் கெடந்துச்சு, யாருக்குமே தெரியல. பெட்டில அலர்ட் அனுப்பற வசதியே இல்ல. அந்தப் பக்க ரேடியோவ டெய்லி பிங் பண்ணி பதில் வருதுன்னு நிம்மதியா இருந்தேன், பதில் வந்தது ஃபைபர் வழியா! காத்து வழி செத்ததும் பேக்கிங் ஸ்விட்ச் பிளாக் பண்ணி வெச்சிருந்த ரேடியோ போர்ட்ட தொறந்து விட்டிருக்கு, அதனால பிங் சுத்திப் போய் தொட்டுட்டு வந்திருக்கு. இப்ப பிங்க விட்டுட்டேன். திங்கக்கெழம காலைல பேக்கிங் ஸ்விட்ச்ல உள்ள போய் ரேடியோ போர்ட் டிஸ்கார்டிங்ல (அடைச்சு வெச்சிருக்கு) இருக்கான்னு மட்டும் பாக்கறேன், ஃபார்வர்டிங்னு (தொறந்திருக்கு) காட்டுச்சுன்னா ஏணிய எடுத்துட்டு மொட்ட மாடிக்கு கெளம்ப வேண்டியதுதான்.