மாற்கின் இயேசுவா, யோவானின் இயேசுவா?

பிரசங்கத்தில் கேட்டுப் பழகிய இயேசுவைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்து, அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று பார்க்க அவர் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களில் (மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்) எதில் தொடங்கலாம்? பலரும் யோவானைத்தான் கையில் கொடுப்பார்கள். நான் மாற்கைச் சொல்வேன்.

நான்கிலும் சின்னது அது, 16 அதிகாரம்தான். கி.பி. 70ஐ ஒட்டி எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கணிப்பு. இதில் வரும் இயேசு கோபப்படுகிறார். புயலடிக்கும்போது படகில் தலையணை வைத்துத் தூங்குகிறார். புத்தி பேதலித்துவிட்டது என்று சொந்தக்காரர்களே அவரைப் பிடித்துப்போக வருகிறார்கள். சொந்த ஊரில் சில நோயாளிகளைக் குணமாக்கியதைத் தவிர அவரால் எதுவும் செய்ய முடியவில்லை. பெத்சாயிதாவில் பார்வையற்றவர்மேல் இரண்டு முறை கைவைக்க வேண்டியிருக்கிறது. (மத்தேயுவும் லூக்காவும் இந்தச் சம்பவத்தையே விட்டுவிட்டார்கள், ஏன் என்று ஊகிக்கலாம்.) மேசைக்கடியில் விழும் துணுக்குகளை நாய்கள் தின்னுமே என்று மகளைக் குணமாக்கக் கேட்டு வந்த, யூதரல்லாத சீரோபேனிக்கியப் பெண் பதிலுக்குப் பதில் பேச, முதலில் மறுத்தவர் இறங்கிவருகிறார். சிலுவையில் 'ஏன் கைவிட்டீர்' என்று கதறுகிறார்.

யோவானில் அந்தக் கதறல் இல்லை, 'முடிந்தது' என்கிறார். பேய் ஓட்டுவதும் இல்லை. நீண்ட உரைகள், பெரும்பாலும் தன்னைப் பற்றியே. சபைக் கோட்பாடுகள் பல இதில் வேர்கொண்டவை என்பதால் பழகிய முகமே மறுபடி தெரியும். ஆனாலும் களைத்துப்போய்க் கிணற்றருகே உட்காருவதும், நண்பர் லாசருவின் சாவில் அழுவதும், கரையில் சீடர்களுக்கு மீன் சுட்டுவைப்பதும் இங்கேதான். இரண்டாவதாக இதைப் படியுங்கள். அவசரமென்றால் 4, 11, 21ஆம் அதிகாரங்கள் போதும்.