சறுக்கும் ஏவுகணையா, ஸ்க்ராம்ஜெட் ஏவுகணையா?

ஒலியைவிட 5 மடங்குக்கு மேல் பாய்வதெல்லாம் ஹைப்பர்சானிக் என்றால், எறிந்த கல்லைப் போல வளைந்து சென்று விழும், கண்டம் விட்டுக் கண்டம் பாயும் பாலிஸ்டிக் ஏவுகணைகள் அந்த எல்லையைப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே தாண்டிவிட்டன. ஆனால் அவற்றின் பாதையை முன்கூட்டியே கணக்கிட்டுவிடலாம். வளிமண்டலத்துக்குள் தாழ்வாக, திசையை மாற்றிக்கொண்டே அதே வேகத்தில் வருவதுதான் இன்றைய ஆயுதங்களின் புதுமை. அதற்கு இரண்டு வழிகள் உள்ளன.

முதலாவது, ராக்கெட்டில் உயரே சென்று, பிரிந்து, எஞ்சின் இல்லாமலே சறுக்கி வரும் ஊர்தி. ரஷ்யா 2019 டிசம்பரில் பணியில் சேர்த்த அவன்கார்டும், சீனா அதே ஆண்டு அக்டோபர் அணிவகுப்பில் காட்டிய டிஎஃப்-17 ஏவுகணையும் இவ்வகையைச் சேர்ந்தவை. கைவசமுள்ள ராக்கெட்டையே பயன்படுத்தலாம் என்பது இதன் பெரிய சாதகம், வெப்பம்தான் எதிரி. அமெரிக்காவின் எச்டிவி-2 ஊர்தி 2011 ஆகஸ்ட் சோதனையில் எதிர்பார்த்ததைவிட அதிகமாக மேற்பரப்பு உரிந்து, பறக்கத் தொடங்கிய சுமார் 9 நிமிடங்களில் தொடர்பை இழந்தது.

இரண்டாவது, காற்றை உள்ளிழுத்து எரியும் ஸ்க்ராம்ஜெட் எஞ்சின் கொண்ட குரூஸ் ஏவுகணை, அதாவது விமானத்தைப் போல எஞ்சின் உந்துதலிலேயே பறந்து செல்வது. ஆக்சிஜனைச் சுமக்க வேண்டியதில்லை என்பதால் அளவில் சிறியதாக, போர் விமானத்திலிருந்தும் ஏவக்கூடியதாக அமைக்கலாம். ஆனால் எஞ்சினுக்குள்ளேயே காற்று ஒலியை மிஞ்சிய வேகத்தில் ஓடுவதால், எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிக்கச் சில மில்லி விநாடிகளே கிடைக்கின்றன. அமெரிக்காவின் எக்ஸ்-51ஏ 2013 மே மாதம் 210 விநாடிகள் இப்படிப் பறந்ததே அந்நாளில் பெரிய சாதனையாகக் கருதப்பட்டது.

இந்தியா இரண்டையும் முயல்கிறது. 2020 செப்டம்பர் 7 அன்று ஒடிசாவின் அப்துல் கலாம் தீவிலிருந்து கிளம்பிய எச்எஸ்டிடிவி என்ற ஸ்க்ராம்ஜெட் சோதனை ஊர்தி, 30 கிலோமீட்டர் உயரத்தில் வெப்பக் கவசங்கள் கழன்று, ராக்கெட்டிலிருந்து பிரிந்து, காற்று நுழைவாயில் திறந்து, 20 விநாடிகளுக்கும் மேலாக ஒலியைப் போல் 6 மடங்கு வேகத்தில் பறந்தது. அந்த 20 விநாடிகளுக்குப் பின்னால் உள்ள உழைப்பைக் குறைத்து மதிப்பிடக் கூடாது. ஆயினும் ஒரு முழு ஏவுகணைக்கு நிமிடக் கணக்கில் எரியும் எஞ்சின் தேவை. தரைச் சோதனையில் 2025 ஏப்ரலில் ஸ்க்ராம்ஜெட் எரியறை 1,000 விநாடிகளைத் தாண்டியது உண்மையான முன்னேற்றம் என்றாலும், தரையில் எரிவதும் வானில் எரிவதும் வேறு வேறு. இதற்கிடையே 2024 நவம்பர் 16 அன்று, 1,500 கிலோமீட்டருக்கு மேல் பாயக்கூடிய நெடுந்தூர ஹைப்பர்சானிக் சறுக்கு ஏவுகணையை நாட்டின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ வெற்றிகரமாகச் சோதித்தது.

ரஷ்யாவின் கின்ஷால் இவ்விரண்டிலும் சேராது; அது விமானத்திலிருந்து ஏவப்படும் பாலிஸ்டிக் ஏவுகணை. 2023 மே மாதம் உக்ரைன் தலைநகர் கீவின் வானில் அதை அமெரிக்கத் தயாரிப்பான பேட்ரியாட் வான் பாதுகாப்பு அமைப்பு வீழ்த்தியதை வைத்து, ஹைப்பர்சானிக் ஆயுதங்கள் அனைத்தையும் தடுத்துவிடலாம் என்று முடிவுகட்டுவது தவறு.

உடனடியாகக் கைக்கு வரும் ஆயுதம் வேண்டுமெனில் சறுக்கு வழியே மேல் என்பது என் கருத்து. ஆனால் போர் விமானத்தில் ஏற்றிச் செல்லும் அளவுக்குச் சிறிய ஆயுதம் வேண்டுமானால் ஸ்க்ராம்ஜெட்டைக் கைவிட முடியாது. எனவே அந்த எஞ்சினுக்கான பணமும் பொறுமையும் இப்போதே ஒதுக்கப்பட வேண்டும்.