பெட்டி எதுவானாலும் கடிகாரம் முதலில்: ராஸ்பெரி ஷேக்கும் களப் பதிவியும்

நிலநடுக்கப் பதிவுக் கருவி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விலைப்பட்டியல்களோடு வருவார்கள். ஒன்று, பனாமாவில் உருவாகி 2016-இல் அறிமுகமான ராஸ்பெரி ஷேக். உணரி, அதன் குறிகையை எண்ணாக்கும் டிஜிட்டைசர், கையகலக் கணினி மூன்றும் ஒரே பெட்டிக்குள். விலை சில நூறு டாலர்களிலிருந்து தொடங்கும். மற்றொன்று சென்டார், ரெஃப்டெக் 130, க்யூ330 போன்ற களப் பதிவி. உணரி தனி, ஜிபிஎஸ் தனி, பேட்டரி தனி. விலை பல ஆயிரம் டாலர். இரண்டிலும் ‘24 பிட்’ என்று அச்சிட்டிருக்கும், அதாவது அதிர்வை எவ்வளவு நுணுக்கமாக எண்ணாக்கும் என்பதன் அளவு. அப்படியிருக்க எதற்குப் பத்து மடங்கு கொடுக்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

பிட் எண்ணிக்கையை நான் கடைசியில்தான் பார்ப்பேன். பதிவான பிறகு உட்கார்ந்து சரிசெய்யக்கூடிய பிழை எது, எந்த வித்தை தெரிந்தாலும் மீட்க முடியாத பிழை எது என்று பிரித்துக்கொண்டால் இரண்டு பெட்டிகளின் குணமும் விளங்கிவிடும்.

நேரத்தில் தொடங்குகிறேன். ராஸ்பெரி ஷேக், வாங்கிய நிலையில், இணையத்திலிருந்து என்டிபி என்ற நேர ஒத்திசைவு முறை வழியாக மணி பார்த்துக்கொள்கிறது. நல்ல இணைப்பில் சில மில்லிவினாடி பிசகும். மோசமான இணைப்பில் பல பத்து மில்லிவினாடி. பூமியின் மேலோட்டில், நடுக்கத்தின் முதல் அலையான பி அலை வினாடிக்குச் சுமார் 6 கிலோமீட்டர் ஓடுகிறது. 10 மில்லிவினாடிப் பிழை என்றால் 60 மீட்டர். நடுக்க மையத்தை ஒன்றிரண்டு கிலோமீட்டருக்குள் கண்டால் போதும் என்பவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை.

ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. உள்ளிருக்கும் கையகலக் கணினியான ராஸ்பெரி பையில், 4 வரையிலான பலகைகளில் பேட்டரியோடு கூடிய கடிகாரம் கிடையாது. மின்சாரம் இரண்டு மணி நேரம் போய்த் திரும்பும்போது இணையமும் இல்லையென்றால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே அது எண்ணத் தொடங்கும். அலைவரி பார்க்க அழகாக இருக்கும். பி அலைக்கும் அதன்பின் வரும் எஸ் அலைக்கும் இடையிலான இடைவெளிகூடச் சரியாகவே இருக்கும், ஏனென்றால் அதற்குக் கடிகாரத்தின் தொடக்கம் தேவையில்லை. அதனால்தான் இந்தப் பிழை எளிதில் கண்ணில் படுவதில்லை. யூஎஸ்பி ஜிபிஎஸ் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். ராஸ்பெரி ஷேக்குக்கு முதலில் வாங்க வேண்டிய துணைக்கருவி அதுதான் என்பேன்.

களப் பதிவியின் கடிகாரம் மட்டும் பிழையே செய்யாதா? செய்யும். ஜிபிஎஸ் உணரியை மரத்தடியில் வைத்தால் செயற்கைக்கோள் கிடைக்காது. உள்ளே இருக்கும் படிகம் தன் போக்கில் ஓடும். கோடியில் ஒரு பங்கு விலகல் என்றாலும் நாளொன்றுக்கு 8.6 மில்லிவினாடி சேரும். ஆனால் எப்போது தொடர்பு அறுந்தது, எப்போது திரும்பியது, அப்போது எவ்வளவு விலகியிருந்தது என்பதையெல்லாம் கருவி தன் நலக்குறிப்பில் எழுதிவைக்கிறது. அதை வைத்துப் பின்னர் திருத்திவிடலாம். கூடுதல் விலையில் பெரும்பகுதி இந்தக் கணக்குப்பிள்ளை வேலைக்குத்தான் போகிறது என்பது என் எண்ணம். மின்சாரம் மிச்சம் பிடிக்க ஜிபிஎஸ்ஸை அவ்வப்போது மட்டும் இயக்கும் அமைப்பும் சில கருவிகளில் உண்டு. சூரியத்தகடு தாங்கும் என்றால் நான் தொடர்ந்து இயங்கவே விடுவேன்.

பெருக்கத்தில், அதாவது உணரியின் குறிகையை எத்தனை மடங்காக்குவது என்பதில், நிலைமை தலைகீழ். ராஸ்பெரி ஷேக்கில் மாற்றுவதற்கு ஒன்றுமில்லை, ஆகவே தவறு செய்யவும் வழியில்லை. ரெஃப்டெக் 130-இல் 1, 32 என இரண்டு நிலைகள். சென்டாரில் உள்ளீட்டு வீச்சை மென்பொருளிலேயே மாற்றலாம். இந்தச் சுதந்திரம் என்னை ஒருமுறை நன்றாகவே தண்டித்தது. ஜியோஃபோன் என்ற சிறு அதிர்வு உணரிக்காக 32 வைத்துவிட்டு, குறிப்பேட்டில் 1 என்று எழுதிவிட்டேன். 32 மடங்கு வீச்சு என்றால் நடுக்கத்தின் அளவில் (மேக்னிடியூட்) 1.5 கூடும், இரண்டு அளவுள்ள சில்லறை நடுக்கமெல்லாம் மூன்றரையாகத் தெரிந்தது. வெட்கக்கேடுதான், ஆனால் மீட்கக்கூடிய பிழை: விவரக் கோப்பில் ஓர் எண்ணைத் திருத்தியதும் தீர்ந்தது.

மீட்க முடியாதது, அதிர்வு கருவியின் வரம்பை மீறி அலை உச்சி வெட்டுப்படுவது. ஒற்றை ஜியோஃபோன் மட்டும் உள்ள ஷேக், அருகில் நிகழும் பெரிய நடுக்கத்தில் முட்டிக்கொள்ளும். வலுவான அசைவை அளக்கும் மூன்று முடுக்கமானிகளைச் சேர்த்த 4டி வகை இதற்காகவே வந்தது. 2021 ஆகஸ்ட் 14 அன்று ஹெய்ட்டியில் 7.2 அளவு நிலநடுக்கம் ஏற்பட்டபோது, மையத்துக்கு அருகிலிருந்து கிடைத்த பதிவுகள் தன்னார்வலர்களின் வீடுகளில் இருந்த இத்தகைய பெட்டிகளிலிருந்தே வந்தன. பல ஆயிரம் டாலர் நிலையம் அங்கே இல்லாதபோது, அதன் தரத்தைப் பேசி என்ன பயன்?

அடுத்து, எல்லாவற்றையும் பதிவதா, தூண்டல் வந்தால் மட்டும் பதிவதா? களப் பதிவிகளில் இரண்டுக்கும் அமைப்பு உண்டு. தூண்டல் முறையில் கருவி, கடந்த ஒரு வினாடியின் சராசரி வீச்சைக் கடந்த ஒரு நிமிடத்தின் சராசரியால் வகுத்துப் பார்க்கும். விகிதம் மூன்று, நான்கு என நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் பதியும். நினைவகம் தங்க விலை விற்ற காலத்தில் இது தேவைப்பட்டது. இப்போது கணக்கைப் பாருங்கள்: மூன்று தடம் (மூன்று திசை அசைவுகள்), வினாடிக்கு 100 மாதிரி (அளவீடு) என்றால் ஒரு நாளுக்கு 2 கோடியே 59 லட்சம் மாதிரிகள். மாதிரிக்கு 4 பைட் வீதம் சுமார் 104 எம்பி. அடுத்தடுத்த மாதிரிகளின் வித்தியாசத்தை மட்டும் எழுதும் ஸ்டைம் சுருக்கத்தில், அமைதியான இடத்தில், அதில் பாதிகூட ஆகாது. 32 ஜிபி அட்டை ஒன்றரை ஆண்டுக்கு மேல் தாங்கும்.

தூண்டல் முறை எதை இழக்கும் என்பதற்கு ஜப்பான் சாட்சி. 1995 கோபே பேரழிவுக்குப் பின் அமைந்த ஹை-நெட் வலையமைப்பின் தொடர் பதிவுகளில், தென்மேற்கு ஜப்பானுக்கு அடியில் ஆழத்தில் நிகழும் மெல்லிய நடுக்கத்தைக் கசுஷிகே ஒபாரா 2002-இல் கண்டறிந்தார். அது திடீரென்று எழுவதில்லை. இரைச்சலைச் சற்றே மீறி, மெல்லத் தொடங்கி, நீண்ட நேரம் முனகிக்கொண்டிருக்கும். விகிதம் பார்க்கும் கருவிக்கு அது காதில் விழாது. கட்டட அதிர்வுக்கான முடுக்கமானி தவிர வேறெதற்கும் நான் தூண்டலை மட்டும் நம்பி வைப்பதில்லை. ராஸ்பெரி ஷேக் இயல்பாகவே தொடர்ந்து பதிகிறது, நிலநடுக்கத் தரவுக்கான பொது வடிவமான மினிசீட் கோப்பாகவே எழுதுகிறது. இந்த ஆட்டத்தில் அதற்கு முழு மதிப்பெண்.

எழுதும் இடத்தில்தான் அது இடறுகிறது. இயக்க மென்பொருளும் தரவும் ஒரே எஸ்டி அட்டையில் இருப்பதால், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் இரண்டும் சேர்ந்து கெடலாம். சிறிய யூபிஎஸ் ஒன்று கட்டாயம். ரெஃப்டெக் 130-இல் இரண்டு அட்டைகள் உண்டு. சென்டாரில் உள்நினைவகத்தோடு கழற்றும் அட்டையும் உண்டு. மாதிரி வீதத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை: உள்ளூர் நடுக்கத்துக்கு 100 போதும், குவாரி வெடியையோ மிக நெருங்கிய சிறு அதிர்வையோ தேடினால் 200-க்கு மேல் வேண்டும், அதற்குக் களப் பதிவிதான்.

பள்ளிக்கும், இணையமுள்ள நகரத்து வீடுகளில் நெருக்கமான வலையமைப்புக்கும் ராஸ்பெரி ஷேக்கையே சொல்வேன். மூன்று மாதம் யாரும் ஏறிப்போக முடியாத குன்றுக்குச் சொல்லமாட்டேன். இரண்டும் கையில் இருந்தால், களத்துக்குக் கிளம்பும் முன் ஒரே சிமென்ட் தளத்தில் அருகருகே வைத்து ஓரிரவு ஓடவிடுங்கள். காலையில் இரு வரிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்த்தால் துருவம் மாறிய கம்பி, தவறான பெருக்கம், பிசகிய மணி மூன்றும் அகப்பட்டுவிடும். என் 32-உம் அப்படித்தான் அகப்பட்டிருக்க வேண்டும். அன்றிரவு வண்டி பிடிக்கும் அவசரத்தில் அந்தச் சோதனையை விட்டுவிட்டேன்.