கோகர்ணத்தில் பாரடைஸ் கடற்கரைக்கு: மேட்டுப்பாதையா, பேலேகானா, படகா?

கர்நாடகக் கடலோரத்திலுள்ள கோகர்ணத்தின் கடற்கரைகளை வடக்கிலிருந்து தெற்காக எண்ணினால் ஊர்க் கடற்கரை, குட்லே, ஓம், ஹாஃப் மூன், பாரடைஸ் என்று வரும். முதல் மூன்றுக்கும் பக்கத்தில்வரை வண்டி போகும். கடைசி இரண்டுக்கும் போகாது. அவற்றின் அழகு கெடாமல் இருப்பதற்குப் பாதிக் காரணம் அதுதான். அப்பரும் சம்பந்தரும் பாடிய துளுவநாட்டுத் தலம் இதே கோகர்ணம் என்பதால் நம் ஊர்க்காரர்கள் பலர் கோயிலுக்காக வருகிறார்கள். தரிசனம் முடித்து ஓம் கடற்கரையில் கால் நனைத்துவிட்டுத் திரும்புகிறவர்கள், இன்னொரு அரைநாள் ஒதுக்கினால் பாரடைஸ்வரை போய் வந்துவிடலாம்.

போக மூன்று வழிகள். ஓம் கடற்கரையிலிருந்து கடலோர மேட்டின் மீதேறி நடப்பது ஒன்று. ஆட்டோவில் பேலேகான் போய்த் தெற்கிலிருந்து நடப்பது இன்னொன்று. படகு மூன்றாவது. எது சுலபம் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். மேலே நின்று ஒதுங்கிய கரையைப் பார்க்க வேண்டுமா, மணலில் போய் உட்கார்ந்தால் போதுமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். படகில் போகிறவருக்கு அந்த மேட்டுக் காட்சி கிடைக்கவே கிடைக்காது.

ஓம் கடற்கரையிலிருந்து மேட்டுப்பாதை

ஓம் கடற்கரையின் தென்கோடியில் கடைசிக் குடில்களைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. முதல் பத்து நிமிடம் மூச்சு வாங்கும். பிறகு பாதை மேட்டின் விளிம்பை ஒட்டிப் போய், ஹாஃப் மூனுக்கு இறங்குவதற்கு முன் கடலுக்குள் துருத்தி நிற்கும் முனைக்கு வருகிறது. பார்வைமுனை இதுதான். காலடியில் பிறைவடிவ மணல், திரும்பிப் பார்த்தால் ஓம் கடற்கரையின் வளைவு. அங்கிருந்து ஹாஃப் மூனுக்கு இறக்கம். ஓமிலிருந்து மொத்தம் 20 முதல் 30 நிமிடம். ஹாஃப் மூனிலிருந்து பாரடைஸுக்கு ஏறக்குறைய அதே நேரம் பிடிக்கும். ஆனால் அந்தப் பகுதியில் பாறை அதிகம், சில இடங்களில் கையையும் ஊன்ற வேண்டியிருக்கும். குட்லேயிலிருந்தே நடக்க விரும்பினால் இன்னொரு அரைமணி கூட்டிக்கொள்ளுங்கள்.

தூரம் இவ்வளவுதான். ஆளைக் கவிழ்ப்பது தரை. இந்த மேடு முழுக்கச் செம்புரைக்கல். மேலே கெட்டியான ஓடு, அதன்மேல் உருண்டை உருண்டையாக உதிர்ந்த இரும்புச்சத்துள்ள பருக்கைகள். கேழ்வரகு கொட்டிய சிமென்ட் தரையில் நடப்பதைப் போல. ஏறும்போது தெரியாது; ஹாஃப் மூனுக்கு இறங்கும்போதுதான் வழுக்கும். பயத்தில் உடம்பைப் பின்னால் சாய்ப்பவர்தான் முதலில் உட்காருவார், ஏனென்றால் எடை குதிகாலுக்குப் போய் முன்பாதத்தின் பிடி விட்டுவிடுகிறது. முழங்காலை லேசாக மடக்கி, அடி சின்னதாக வைத்து, பருக்கையில் மிதிக்காமல் தரையோடு பொருந்திய கல்லில் மிதித்தால் போதும். தேய்ந்த அடிப்பாகமுள்ள ஸ்போர்ட்ஸ் ஷூவை விட, ஆழமான வெட்டு உள்ள, பின்பட்டை வைத்த சாண்டல் மேல். ரப்பர் செருப்பு வேண்டாம்: வேர்வையில் பாதம் நழுவும், வார் அறுந்தால் பாறையில் வெறுங்கால்தான்.

வழி தவறுவதும் உண்டு. மேட்டில் மாட்டுத் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடும். எல்லாமே பாதை போலத் தோன்றும். தெற்கே போகும்போது கடல் எப்போதும் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் நடந்தும் அலைச்சத்தம் குறைந்துகொண்டே போனால் உள்நாட்டுத் தடத்தில் ஏறிவிட்டீர்கள் என்று பொருள். கடைசியாகப் பாதை பிரிந்த இடத்துக்குத் திரும்புங்கள், குறுக்கே புதருக்குள் இறங்காதீர்கள். மழை முடிந்த அக்டோபரில் புல் இடுப்பளவு நின்று தடத்தை மறைக்கும். கொங்கண் செம்புரை மேடுகள் சுருட்டை விரியனுக்கு வீடு என்பதால், தெரியாத கல்லின் அடியில் கைவைத்து ஊன்றும் பழக்கம் ஆகாது.

பேலேகான் வழி

பேலேகான் சிற்றூர் பாரடைஸுக்குத் தெற்கே, அகநாசினி ஆறு கடலில் சேரும் பக்கம் இருக்கிறது. கோகர்ணம் ஊரிலிருந்து ஆட்டோவில் வந்து பேலேகான் கடற்கரையின் வடகோடியில் ஏறினால் அரைமணிக்குள் பாரடைஸ். ஏற்றம் ஒன்றுதான். இங்கே கடல் இடக்கைப் பக்கம். முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் பத்து வயதுப் பிள்ளைகளுக்கும் நடந்து போவதென்றால் இதுதான் சரி. பாரடைஸைத் தெற்கிலிருந்து மேலாகப் பார்க்கவும் முடியும். ஆனால் ஹாஃப் மூன் முனை விடுபட்டுப் போகும், அது சின்ன நஷ்டமில்லை. திரும்பி வந்து நிற்கும்போது பேலேகானில் ஆட்டோ கிடைப்பது சந்தேகம். இறங்கும்போதே திரும்பும் நேரத்தைச் சொல்லி வைத்து, முழுப் பணத்தையும் அப்போது கொடுத்துவிடாமல் இருப்பது உத்தமம்.

படகு

ஓம் கடற்கரையில் படகுக்காரர்களே வந்து கேட்பார்கள். தலைக்கு எவ்வளவு, முழுப் படகுக்கு எவ்வளவு, ஒரு வழியா இருவழியா, அங்கே எவ்வளவு நேரம் நிற்பார்கள் என்ற நான்கையும் ஏறுவதற்கு முன் பேசி முடியுங்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாத படகு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். நடையில் ஒரு மணி பிடிப்பதைப் படகு சில நிமிடங்களில் முடித்துவிடும். டால்ஃபின் தென்பட்டால் அதிர்ஷ்டம்.

சிக்கல் இறங்குமிடத்தில். பாரடைஸில் படகுத்துறை கிடையாது, அலைக்குள்தான் குதிக்க வேண்டும். காலையில் கடல் அமைதி. நண்பகல் தாண்டினால் நிலம் சூடேறி, கடலிலிருந்து வடமேற்குக் காற்று எழும்பும். பிப்ரவரிக்குப் பிறகு இது இன்னும் பலம். காற்று அலையைக் கிளப்ப, படகு குறுக்காகத் திரும்பித் தண்ணீர் உள்ளே ஏறும். இறங்கும்போது ஒரு அலை போய் அடுத்தது வருவதற்குள், படகின் முன்முனையில் இறங்கி உடனே விலகுங்கள். படகுக்கும் கரைக்கும் நடுவே நிற்காதீர்கள். அலை தள்ளும் படகைக் காலால் நிறுத்த முடியாது. போனை பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை படகை மறந்துவிடுங்கள். அந்த மாதங்களில் மேட்டுப்பாதையும் பாசி பிடித்திருக்கும், போகாமல் இருப்பதே நல்லது.

எந்த வரிசை?

போகவர நடப்பதையும் போகவரப் படகையும் விட, காலையில் ஓமிலிருந்து நடந்து போய், படகில் திரும்புவதுதான் எங்கள் தேர்வு. இந்தச் சரிவுகள் மேற்கு பார்த்தவை. காலையில் மேட்டின் நிழல் பாதையின் பெரும்பகுதியில் விழும். பிற்பகலில் வெயில் நேராக அடிக்கும், செம்புரைக்கல் சூட்டைத் திருப்பி முகத்தில் வீசும். ஆறே முக்காலுக்குக் கிளம்பி, முனையில் அரைமணி நின்றாலும் எட்டரைக்குள் பாரடைஸ் சேர்ந்துவிடலாம். காற்று எழுவதற்கு முன் பதினொரு மணிவாக்கில் படகு ஏறலாம். தலைகீழாகச் செய்தால், அதாவது படகில் போய் நடந்து திரும்பினால், நனைந்த காலணிக்குள் மணல் புகுந்து முதல் ஏற்றத்திலேயே குதிகால் கொப்புளிக்கும்.

சூரிய அஸ்தமனம்தான் வேண்டும் என்பவர்கள் பாரடைஸ்வரை போகாமல் ஹாஃப் மூன் முனையோடு நின்றுவிடுங்கள். டிசம்பரில் ஆறு மணி தாண்டிச் சில நிமிடங்களில் சூரியன் கடலில் இறங்கிவிடும், அரைமணியில் இருட்டு. முனையிலிருந்து ஓம் கிட்டத்தில் என்பதால் தலைவிளக்கோடு நிதானமாக இறங்கிவிடலாம். கையில் பிடிக்கும் போன் வெளிச்சம் போதாது. இறக்கத்தில் இரண்டு கையும் காலியாக இருக்க வேண்டும்.

எந்த வழியில் போனாலும், ஹாஃப் மூனுக்கும் பாரடைஸுக்கும் நடுவே நீர்மட்டத்துப் பாறைகள் வழியாகவே போய்விடலாம் என்று தோன்றும் இடம் வரும். தண்ணீர் வற்றி இருக்கும்போது போகவும் முடியும். ஆனால் வற்றிய கடல் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் முழுக்க ஏறிவிடும், நேரமும் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். நேற்று ஒருவர் போனார் என்பது இன்றைக்கு உதவாது. பாறையில் ஒட்டிய சிப்பிகள் கத்தி போல அறுக்கும், பின்னால் ஏறிவரச் சரிவில் பிடிமானமும் இல்லை. பக்கத்துத் துறைமுகமான கார்வாரின் ஓத அட்டவணையை (கடல் ஏறி இறங்கும் நேரப் பட்டியலை) பார்க்காமல் அங்கே இறங்காதீர்கள்.

ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். வழியில் குடில் திறந்திருந்தால் சர்பத் குடிக்கலாம், திறந்திருக்கும் என்று நம்பிப் போகக் கூடாது. பாரடைஸில் குளிப்பதென்றால் இடுப்பளவு நீரோடு நிறுத்துங்கள். உயிர்காப்பாளரை அங்கே எதிர்பார்க்க முடியாது, போன் சிக்னலும் நிச்சயமில்லை.