லாஸ்பேட்டையில் இறங்கியாச்சு, வண்டி இரவில்தான்: நடுவில் 5 மணி நேரத்துக்கு எங்கே போகலாம்?

2024 டிசம்பரில் பெங்களூர், ஹைதராபாத் விமானங்கள் திரும்ப வரத் தொடங்கியதிலிருந்து, புதுச்சேரி வழியாக வேறு ஊருக்குப் போகிறவர்களும் இங்கே இறங்குகிறார்கள். மதியம் புதுச்சேரி விமான நிலையம் இருக்கும் லாஸ்பேட்டையில் விமானம். இரவு ரயிலோ பஸ்ஸோ. நடுவில் 5 மணி நேரம். விமான நிலையம் சின்னது, அங்கேயே உட்கார்ந்திருக்கத் தேவையில்லை. வெளியே வந்தால் யாரைக் கேட்டாலும் இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள்: ஆரோவில் அல்லது பீச். இரண்டையும் விட நல்ல வழி இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் ஒரு கணக்கு. ஆட்டோ, சாப்பாடு, பெட்டியை வைக்க இடம், திரும்ப வண்டி பிடிக்கும் பதற்றம் எல்லாம் போக, 5 மணி நேரம் என்பது கையில் மூன்றரைதான். அதிலும் மதியம் 12 முதல் 4 வரை ஊரில் பாதி மூடியிருக்கும். மணக்குள விநாயகர் கோயில் நடை சாத்தியிருக்கும். அரவிந்தர் ஆசிரமத்தில் 2 மணிக்குத்தான் மறுபடி விடுவார்கள். எந்த இடம் பிரபலம் என்பதைவிட, நீங்கள் போகிற நேரத்தில் எது திறந்திருக்கும் என்று பார்ப்பதுதான் முக்கியம்.

ஆரோவிலுக்கு ஒரு சாதகம் உண்டு. லாஸ்பேட்டையிலிருந்து ஊருக்குள் நுழையாமலேயே வடக்கே போய்விடலாம். ஆனால் அங்குள்ள தியான மண்டபமான மாத்ரிமந்திரை எட்டிப் பார்ப்பதற்கே நேரம் ஓடிவிடும். பார்வையாளர் மையத்தில் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும், அங்கிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நடக்க வேண்டும், அதன் பிறகு தூரத்திலிருந்து பொன்னிறக் கோளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும். உள்ளே போய் அமர முன்பதிவு தேவை. 1968-ல் தொடங்கிய அந்த ஊரின் உயிர் அதன் காட்டிலும் பண்ணைகளிலும் இருக்கிறது. அதற்கு ஒரு முழு நாள் வேண்டும். மூன்றரை மணி நேரத்தில் போனால் கோளத்தோடு ஒரு படம் மிஞ்சும், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை ஈ.சி.ஆர். நெரிசலில் வேண்டவே வேண்டாம்.

பீச் சாலை அருமையான இடம், மாலையில். மாலை 6 மணிக்கு வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். அதன் பிறகு 1836-ல் எரியத் தொடங்கிய பழைய கலங்கரை விளக்கமும், காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் செஞ்சிக் கல்தூண்களும், கடல் காற்றும் சேர்ந்து ஊரே அங்கே வந்து நடக்கும். மதியம் 2 மணிக்கு அதே இடத்தில் கருங்கல் தகிக்கும், ஒதுங்க நிழல் இருக்காது. ஆகவே பீச்சைக் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாம்பாறு படகு? வரிசையில் நிற்கும் நேரம் நம் கையில் இல்லை. விடுங்கள்.

நான் சொல்வது பெரிய வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் தமிழர் பகுதி. வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதியான வெள்ளை நகரத்தின் மஞ்சள் சுவர்களைப் படம் எடுக்க வருகிறவர்களில் பலர் வாய்க்காலைத் தாண்டுவதே இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம். நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவில் பெரிய மார்க்கெட் இருக்கிறது. பூ, மீன், பலசரக்கு எல்லாம் ஒரே கூரைக்குள்; வெயில் தலையில் விழாது. அதே ரங்கப்பிள்ளை வீதியில் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீடு. கீழ்த்தளம் மரத்தூண்களோடு தமிழ் வீடு, மாடி பிரெஞ்சுத் தூண்களோடு. உள்ளே போக முடியாவிட்டாலும் வெளியே நின்று பார்க்கலாம். பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளெக்ஸின் துபாஷாக (மொழிபெயர்ப்பாளர், இடைத்தரகர்) இருந்த பிள்ளை 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, கவர்னர் கோபித்துக்கொண்டது என்று இந்த ஊரின் கால் நூற்றாண்டை நாள்வாரியாக எழுதிவைத்த மனிதர். அங்கிருந்து ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதிக்கு நடந்தால், பாரதி வாழ்ந்த வீடு. 1908 முதல் 1918 வரை பத்து ஆண்டுகள் அவர் இந்த ஊரில்தான் அடைக்கலமாக இருந்தார். வழியெல்லாம் திண்ணையும் தெருவோரத் தாழ்வாரமும் மிச்சமிருக்கும் வீடுகளைப் பாருங்கள். போகிறவர் வருகிறவர் நிழலில் ஒதுங்கட்டும் என்று கட்டியவை அவை.

கால் வலித்தால் வாய்க்காலைத் தாண்டி பாரதி பூங்கா மரத்தடி. பக்கத்திலேயே அருங்காட்சியகம் (திங்கள் விடுமுறை). பழங்காலத் துறைமுகமான அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளையும் ரோமானிய மதுச்சாடித் துண்டுகளையும் அங்கே பார்த்துவிடுங்கள். அரிக்கமேட்டுக்கே நேரில் போனால் 1945-ல் தொல்லியலாளர் வீலர் தோண்டிய குழிகள் மூடிக் கிடக்கும். ஆற்றங்கரை, தோப்பு, பழைய கட்டட இடிபாடு தவிர கண்ணுக்கு அதிகம் தெரியாது. அப்புறம் பீச். எல்லாம் நடக்கும் தூரம். ரயில் புதுச்சேரியிலிருந்தே என்றால் ஸ்டேஷனும் தூரமில்லை, வழியில் தூய இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வண்ணக் கண்ணாடிகளைப் பார்க்கலாம்.

ஆனால் அடுத்த வண்டி தெற்கே போவதாக இருந்தால், இதையெல்லாம் விட்டுவிட்டுக் கடலூரில் போய்க் காத்திருங்கள். 20 கிலோமீட்டர் சொச்சம்தான், பஸ் அடிக்கடி உண்டு. ஏ.எஃப்.டி. மில் ரயில்வே கேட் நெரிசலையும் அரியாங்குப்பத்தையும் பகலிலேயே தாண்டிவிடுவீர்கள். இரவு வண்டிக்கு ஓட வேண்டியதில்லை. திருப்பாதிரிப்புலியூர் ரயில் நிலையம் கடலூர் பஸ் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் ‘சொற்றுணை வேதியன்’ பாடிக் கரையேறிய ஊர் அது. பாடலீஸ்வரர் கோயிலில் மாலை நடை திறக்கும் நேரத்துக்குச் சரியாகப் போய்விடலாம்.

கோயில் வேண்டாம் என்றால் தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சும் அதன் அருகே டேவிட் கோட்டையின் மிச்சமும் இருக்கின்றன. 1690-ல் ஆங்கிலேயர் மராட்டியரிடம் இந்தக் கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை உள்ள ஊர்களும் விற்பனையில் சேர்த்தி. 1746-ல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்த பிறகு சில ஆண்டுகள் ஆங்கிலேயர் இங்கிருந்துதான் ஆண்டார்கள். இன்று சிதைந்த சுவர்கள்தான். வரலாற்றில் ருசி உள்ளவர்கள் போகலாம். சின்னப் பிள்ளைகளோடு வருகிறவர்களுக்குக் கடற்கரை போதும்.

இதே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறவர்கள், அதாவது காலையில் பஸ்ஸில் வந்து பிறகு லாஸ்பேட்டையில் விமானம் ஏறுகிறவர்கள், விமானத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே பெட்டி போடும் கவுன்ட்டர் மூடிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். உங்களுக்கு ஆசிரமமும் மணக்குள விநாயகரும் காலையிலேயே திறந்திருக்கும். அவற்றை முதலில் முடித்துவிட்டு, மார்க்கெட்டைச் சுற்றி, அங்கிருந்தே ஆட்டோ பிடியுங்கள்.